வெந்தயப் பொடி டின்னில் எறும்பு

பட்டாபிராம்,
12-4-1986

என் மகள் கஸ்தூரிக்கு, நைனா எத்திராஜ் வாயால சொல்ல, கிளினிக் கம்பவுண்டர் லட்சுமணன் கையால எழுதுற கடிதாசி. நான் நல்லா கீறேன். நீயும் மாப்பிள்ளை உத்தமனும் பேத்தி வடிவும் ஜபல்பூர்ல சொகமா கீறீங்களா? அந்த ஊரு வெயிலு தலையப் பொளக்கும்னு போன வருசம் சொன்ன. தலையில துணி போட்டுக்கினு வெளிய போ.

உன் கடிதாசிய லட்சுமணன் ரெண்டு தபா படிச்சான். எனக்கு ஒரு தபாவே போதும். மிலிட்டரி சைடிங்குல முப்பத்தோரு வருசம் மூட்டை தூக்கினவன் நான். எந்த வேகன்ல எத்தினி மூட்டை ஏறிச்சின்னு சீட்டு இல்லாம சாயங்காலம் ஒப்பிப்பேன். எழுத்து தெரியாதவனுக்கு மனசுதான் நோட்டு. ஆனாலும் இன்னொரு தபா படிடான்னேன். உங்கம்மா போனதுலேர்ந்து எனக்குன்னு யாரும் பேசி ரெண்டு மாசம் ஆவுது. கடிதாசியா இருந்தா இன்னா, பேச்சு பேச்சுதானே.

நீ சொன்ன பத்தியம் மனப்பாடம். அரிசிச் சோறு ஒரு வேளை, ஒரு கைப்பிடி. பாகக்காய், கீரை, அவரக்காய் வேணுங்கிற அளவு. உருளை, சேப்பங்கிழங்கு வேணாம். வெல்லமும் சக்கரைதான், தேனும் சக்கரைதான், கருப்பட்டியும் சக்கரைதான். இதெல்லாம் உங்கம்மாவுக்கு நாலு வருசம் நான் பாத்த பத்தியம். இப்ப எனக்கே திரும்பி வந்துகீது. ஒண்ணுதான் எனக்கு ஒத்துக்கல. கேவுரு நல்லதாம், ஆனா கூழாக் கரைச்சா சக்கரை சீக்கிரம் ஏறுமாம், களியாத் தின்னணுமாம். அந்தக் கூழு ஒரு சொம்பு குடிச்சிட்டுதான் நூறு மூட்டை தூக்கினேன். டாக்டரம்மா சொல்றாங்க, "அப்ப தூக்கின, இப்ப எங்க தூக்குற?" நியாயம்தான்.

போன வாரம் குழாயில நீல மருந்து ஊத்தி, என் மூத்திரம் எட்டு சொட்டு விட்டு, லட்சுமணன் விளக்குல காட்டினான். நீலமாவே இருந்தா சக்கரை இல்ல, பச்சைன்னா கொஞ்சம், அப்பறம் மஞ்சள், கடைசியில செங்கல் கலரு. எனக்கு பச்சை.

ஒரு சந்தேகம். நீ சனவரியில உங்கம்மாவுக்கு ஆள் கிட்ட குடுத்தனுப்பின வெந்தயப் பொடி டின்னு கீதே, அத நான் எடுத்து வெச்சிக்கினு தினம் ஒரு ஸ்பூன் போடலாம்னு தெறந்தேன். உள்ள எறும்பு மொய்க்குது. கசப்புக்கு எறும்பு வருமா?

புண்ணுக்குப் போடுற ஊதா மருந்துல தொட்டு கட்டைவிரல் வெச்சிருக்கேன். நான்தான்னு தெரிஞ்சிக்கோ.

நைனா

*

ஜபல்பூர்,
3-5-1986

அன்புள்ள நைனாவுக்குக் கஸ்தூரி வணக்கம். உங்கள் விரல் ரேகையைப் பார்த்ததும் வடிவு அதன் மேல் தன் விரலை வைத்து அளந்தாள். இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வருவதால் தூக்கம் மட்டும் குறைவு.

நைனா, இந்தக் கோடை விடுமுறைக்கு வர முடியாது. அவருக்கு லீவு இல்லை. வடிவுக்கும் அம்மை போட்டு இப்போதுதான் தலைக்கு ஊற்றியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாம்பழ சீசன் வருகிறது. பங்கனப்பள்ளி ஒரு துண்டு என்று ஆரம்பித்தால் கொட்டை வரைக்கும் போய்விடும், தெரியும். தொடவே தொடாதீர்கள். பழத்தைச் சாறு பிழிந்து குடிப்பது இன்னும் கெடுதலாம், நார் போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் மிஞ்சும் என்று இங்கே அவருடைய பேக்டரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் இதிலெல்லாம் உப்பு அதிகம். உங்களுக்கு ரத்தக் கொதிப்பும் இருக்கிறது. ஒரு கொய்யாக்காய், பழுக்காதது, சாப்பிடலாம். நிலக்கடலை அவித்துச் சாப்பிடலாம், ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

புது வெந்தயப் பொடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சொன்னதை மீறாதீர்கள் நைனா. அம்மாவுக்கு நடந்தது போதும்.

லட்சுமணன் அண்ணாவுக்கு என் நன்றியைச் சொல்லவும்.

கஸ்தூரி

*

பட்டாபிராம்,
10-6-1986

கஸ்தூரிக்கு நைனாவின் ஆசீர்வாதம். நான் சொகம். வடிவுக்கு அம்மைத் தழும்பு தங்கிச்சா? எளனி குடு. எனக்குத்தான் எளனி கூடாது, கொழந்தைக்குக் குடு.

நீ வரலன்னா எனக்குக் கோவம் இல்ல. மே மாசம் வந்தா ஊட்ல இட்டிலிப் பானை எறக்குறது, கொசுவலை தொவைக்கிறதுன்னு உங்கம்மா ஒரு வாரம் ஆடுவா. இந்த வருசம் நானும் கொசுவலை தொவைச்சிப் போட்டேன். அப்பறம் உன் கடிதாசி வந்துது. மறுபடி மடிச்சி வெச்சிட்டேன்.

ஸ்டேசன் வாசல்ல பலாப்பழம் வந்துடுச்சி. வாசனை ஊடு வரைக்கும் வருது. எண்பத்திரெண்டு வைகாசி உனக்கு ஞாபகம் கீதா? அப்பதான் உங்கம்மாவுக்கு சக்கரை கண்டுபுடிச்ச புதுசு. ஒரு ஞாயித்துக்கெழமை, பதினொரு மணி பாசிஞ்சர் போனப்பறம், எனக்குத் தெரியாம அஞ்சு சொளை வாங்கியாந்து முறத்துக்கு அடியில வெச்சிருந்தா. ஒண்ண வாய்க்கிட்ட கொண்டு போறா, நான் வந்துட்டேன். "இன்னாமே இது? சாவறதுக்கு வழியா?" வெடுக்குனு புடுங்கினேன். எல்லாத்தையும் பொட்டலம் கட்டி விக்கிறவன் கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். வரும்போது உங்கம்மா கையக் கழுவிக்கினு இருந்தா. தின்னாத கைய எதுக்குக் கழுவுறான்னு நெனச்சேன். பிசினு ஒட்டியிருக்கும்.

போன சனிக்கெழமை அமாவாசை. படத்தத் தொடைச்சிப் பூ வெச்சேன்.

கேட்டதுக்கு நீ பதில் போடல. வெந்தயத்துக்கு எறும்பு வருமா? லட்சுமணனைக் கேட்டா, "அது எறும்போட விருப்பம்"ன்றான். புது டின்னுல ஒண்ணு கூட இல்ல. பழசுலதான்.

கலரு பச்சை.

நைனா

*

ஜபல்பூர்,
2-7-1986

நைனாவுக்கு வணக்கம். நலம், நலமே விரும்புகிறேன்.

அந்தப் பழைய டின்னைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மழையில் ஈரம் பட்டிருக்கும். பூச்சி விழுந்ததைச் சாப்பிடக் கூடாது.

மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். அமாவாசை விரதம் என்று பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை இருப்பவர்கள் பட்டினி கிடப்பதும் ஆபத்து.

வேலை நிறைய. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

கஸ்தூரி

*

பட்டாபிராம்,
18-8-1986

கஸ்தூரிக்கு. உன் கடிதாசி ரொம்பச் சின்னது. லட்சுமணன் ஒரே மூச்சுல படிச்சி முடிச்சிட்டான். உடம்பு நல்லாத்தானே கீது? மாப்பிள்ளைக்கும் உனக்கும் ஏதும் மனஸ்தாபமா? இருந்தா சொல்லு. நான் என்னா பண்ணப் போறேன், கேட்டுக்கிறேன்.

டின்ன எறியல. உங்கம்மா கை பட்டது. காலியாக் கழுவிக் கவுத்து வெச்சிகீறேன்.

ஆடி அமாவாசை போச்சு. ஆடி வந்தா மாங்காடு ஞாபகம் வந்துடுது. நாம போனது ஆடியில்ல, எண்பத்திமூணு வைகாசி வெள்ளிக்கெழமை, ஆனா கூட்டம் ஆடி மாரி இருந்துது. அம்மனைப் பாத்துட்டு வெளிய வரோம், சக்கரைப் பொங்கலு தொன்னையில தராங்க. உங்கம்மா ரெண்டு கையும் நீட்டி வாங்கினா. வாங்கி கண்ணுல ஒத்திக்கினா. நான் அந்தத் தொன்னைய அப்படியே எடுத்து, பக்கத்துல நின்ன யாரோ ஒரு அம்மா கையில குடுத்துட்டேன். அந்தம்மா உங்கம்மாவப் பாக்குது, என்னப் பாக்குது. "பிரசாதங்க, ஒரு வாய் குடுங்க"ன்னுச்சி. "அம்மன் சொன்னா குடுப்பேன், டாக்டர் வேணாம்னுட்டாரு"ன்னேன். ஜனங்க சிரிச்சாங்க. உங்கம்மா சிரிக்கல. அழவும் இல்ல. அது போதாதுன்னு வடிவு செருப்பு காணாமப் போயி, நீயும் உங்கம்மாவும் அரை மணி நேரம் தேடினீங்க. நான் கொழந்தையத் தோள்ல போட்டுக்கினு வெயில்ல நின்னேன்.

நெய்யி சொட்டிக்கினு இருந்துது அந்தத் தொன்னையில. முந்திரி மூணு.

இங்க லட்சுமணன் எழுதுறத நிறுத்திட்டு, "இதெல்லாம் எதுக்குய்யா அந்தப் பொண்ணுக்கு?"ன்றான். எழுதுடா, ஸ்டாம்பு நாக்கால ஒட்டப் போறது நான்தானேன்னு சொல்லியிருக்கேன்.

பாகக்கா சாறு, வேப்பங்கொழுந்து ரெண்டும் தினம். கசப்பு இனிப்ப அறுத்துடும். எடது கால் சுண்டுவெரல்ல செருப்பு கடிச்சிகீது. சின்னது. வலியே இல்ல.

பச்சை.

நைனா

*

பட்டாபிராம்,
1-10-1986

கஸ்தூரிக்கு நைனா. நான் எழுதி ஆறு வாரமாச்சி, உன் கடிதாசி இல்ல. தபால்காரர் இந்தத் தெரு வழியாத்தான் போறாரு. நான் வாசல்ல ஒக்காந்துகினு கீறேன்னு, இப்பல்லாம் தூரத்துலயே கைய விரிச்சிக் காட்டிட்டு சைக்கிள மிதிக்கிறாரு.

நான் எதுனா தப்பா எழுதச் சொல்லிட்டேனா? உங்கம்மாவப் பத்தி எழுதுறது உனக்குக் கஷ்டமா இருந்தா எழுதல. சாப்பாட்டப் பத்தியே எழுது. எத்தத் தின்னணும், எத்தத் தின்னக் கூடாது, அதுவே போதும்.

நைனா

*

பட்டாபிராம்,
8-10-1986

மதிப்பிற்குரிய சகோதரி கஸ்தூரி அவர்களுக்குக் கம்பவுண்டர் லட்சுமணன் எழுதுவது. இது உங்கள் நைனாவுக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். இதில் கட்டைவிரல் ரேகை இருக்காது.

ஏப்ரலில் எழுதிய பச்சை உண்மையான பச்சை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பச்சை இல்லை. செங்கல். "ஏன் பெரியவரே பொய் எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டேன். "கடிதாசி என்னுது. கைதான் உன்னுது" என்றார். நானும் எழுதிவிட்டேன். தப்பு என்னுடையதும்தான்.

மாதம் முழுக்க ஒழுங்காக இருப்பார். அமாவாசை வந்தால் நாலு நாள் செங்கல் கலர். ஏன் என்று தெரியாமல் டாக்டரம்மாவும் மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் தேதி, மாளய அமாவாசையன்று, கால் புண்ணுக்குக் கட்டுப் போட நானே வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உங்கள் அம்மா படத்துக்கு முன்னால் வாழை இலை. இலை நிறைய போளி. அவரே தட்டிச் சுட்டது, பாதி கருகியிருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் வேப்பிலைச் சாறு. ஒரு போளி, ஒரு முழுங்கு சாறு.

நான் கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவ கையிலேர்ந்து நான் புடுங்கினது பன்னெண்டு தபா, லட்சுமணா. தேதியோட சொல்றேன் கேளு. வருசத்துக்கு அமாவாசையும் பன்னெண்டு. ஒவ்வொண்ணா வெச்சிக் குடுத்துட்டேன்னா, வருசத் திதிக்குள்ள கணக்கு நேராயிடும். இது எட்டாவது. எண்பத்தஞ்சு மார்ச்சு, நம்ம தெரு பஞ்சவர்ணம் பொண்ணு வளைகாப்புல புடுங்கின போளி."

"படைச்சா படைங்க, நீங்க ஏன்யா துன்றீங்க?" என்றேன்.

"வருசம் திரும்பாத ஊட்டுப் படையலு. வேற ஆளு கை நனைக்க மாட்டாங்க. பக்கத்து ஊட்டு எல்லம்மா கூட தீட்டுன்னு தொட மாட்டா. காக்காவுக்கு வெச்சது போவ மிச்சத்தக் குப்பையில போடச் சொல்றியா? உசுரோட இருந்தப்பதான் அவ வாயிலேர்ந்து புடுங்கினேன். செத்தப்பறமும் புடுங்கி எறியணுமா?"

அன்றைக்கு விரதம் என்பதால் மாத்திரையும் போடுவதில்லையாம். செய்து வைத்தது தீரும் வரைக்கும், மூன்று நாலு நாள், அதேதான் சாப்பாடு. கசப்பு இனிப்பை அறுத்துவிடும் என்று திடமாக நம்புகிறார். அப்படி அறுக்காது என்று சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சகோதரி, சுண்டுவிரல் கறுத்துவிட்டது. வலியே இல்லை என்று அவர் எழுதச் சொன்னது உண்மை. அதுதான் பயம். நரம்பு செத்திருக்கிறது. அடுத்த அமாவாசை தீபாவளிக்கு மறுநாள். அதிரசத்துக்கு மாவு இடிக்கக் கொடுத்துவிட்டார். என் பேச்சைக் கேட்கமாட்டார். நீங்கள் எழுதினால் கேட்பார்.

லட்சுமணன்

*

ஜபல்பூர்,
22-10-1986

லட்சுமணன் அண்ணா, இதை நைனாவுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரியையும் விடாதீர்கள். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று எதையும் மாற்றாதீர்கள்.

நைனா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். முதலில் அதுதான். அண்ணா எல்லாவற்றையும் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் நீங்கள் இல்லை. உங்கள் மாங்காட்டுக் கடிதம். அதைப் படித்த பிறகு பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை.

நைனா, வடிவின் செருப்பு தொலையவே இல்லை. என் பைக்குள் இருந்தது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கோயிலுக்குள் போய் இன்னொரு தொன்னை வாங்கினேன். குளத்தங்கரைப் படியில் உட்கார்ந்து அம்மா சாப்பிட்டாள். நெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. நீங்கள் வெயிலில் நிற்கிறீர்கள் என்று நான் அவசரப்படுத்தினேன். "இருடீ, உங்க நைனாவுக்கு வேகன் கணக்குதான் தெரியும், என் வாய்க் கணக்கு தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

பலாச்சுளையும் அப்படித்தான். முறத்தடியில் நீங்கள் பார்த்தது அஞ்சு. வாங்கினது எட்டு. நீங்கள் திருப்பிக் கொடுக்க ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனபோது மிச்சம் மூன்றையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதனால்தான் கையைக் கழுவினாள். நசரத்பேட்டைக் கல்யாணத்தில் நீங்கள் பிடுங்கிய ஜிலேபிக்குப் பதில் இரண்டு ஜிலேபியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், நீங்கள் பஸ் கேட்கப் போன நேரத்தில், சாப்பிட்டாள். மாம்பழம் ஒவ்வொரு மே மாதமும். அதிரசமும் எள்ளுருண்டையும் நான் ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்புவேன்.

போன ஜனவரியில் அனுப்பிய டின்னில் மேலே இரண்டு விரல் அளவுதான் வெந்தயப் பொடி. கீழே காகிதம் போட்டு, கோவா ஜிலேபி. இந்த ஊரில் அதுதான் விசேஷம். கறுப்பாக, பாகு ஊறி, ஒன்று சாப்பிட்டாலே திகட்டும். பதினாறு வைத்தேன். "வந்து சேர்ந்தது, வெந்தயம் ரொம்ப நல்லா இருக்கு" என்று அம்மா எழுதச் சொன்ன கார்டு பிப்ரவரி ஏழாம் தேதி எனக்குக் கிடைத்தது. பதினொன்றாம் தேதி தந்தி வந்தது.

எறும்பு எதற்கு வந்தது என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

அம்மாவை நான்தான் கொன்றேன் நைனா. நீங்கள் பிடுங்கிப் பிடுங்கி நாலு வருஷம் காப்பாற்றி வைத்ததை நான் ஒரு டின்னில் போட்டு அனுப்பிவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு இது கூடாது, அது கூடாது என்று எழுதினேன். இந்த வருஷம் லீவு இல்லை என்று சொன்னது பொய். அந்த வீட்டுக்குள் வரப் பயம்.

அம்மா கேட்டதெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். நீங்கள் அவளுக்கு எதுவும் பாக்கி இல்லை. அதிரசம் சுட வேண்டாம் நைனா. காலைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கஸ்தூரி

*

பட்டாபிராம்,
14-11-1986

சகோதரிக்கு லட்சுமணன். அவசரக் கார்டு.

கடிதத்தைப் படித்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் படித்தேன். பெரியவர் குளத்தங்கரை வரும் இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார். நாலு முறை. பிறகு எழுந்து போய்விட்டார். தீபாவளி அமாவாசைக்கு அதிரசம் சுடவில்லை. மாவை எல்லம்மா வீட்டில் கொடுத்துவிட்டார்.

பதினைந்து நாள் கிளினிக் பக்கம் வரவில்லை. நானும் டாக்டரம்மாவும் போய் இழுத்து வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நேற்று சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. பதில் எழுதட்டுமா என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

லட்சுமணன்

*

பட்டாபிராம்,
27-12-1986

கஸ்தூரிக்கு நைனா. ஊட்டுக்கு வந்துட்டேன். சுண்டுவெரலு இல்லாம செருப்பு லூசா ஆடுது. சாப்பாடு ஆஸ்பத்திரியில நல்லாத்தான் குடுத்தாங்க, உப்பில்லாம. நீ எப்பிடி கீற? மாப்பிள்ளை கிட்ட சொன்னியா இதெல்லாம்? சொல்லிடு. மனசுல வெச்சிக்கினு சமைக்காத.

மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துது. உம்மேல இல்ல. அவ மேல. நாலு வருசம் எங்கிட்ட மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு, அந்தப் பக்கம் போயி நெய்யி வழிய வழியத் தின்னிருக்கா. வெயில்ல நின்னவன் நான். கொழந்தை வேற என் தோள்ல ஒண்ணுக்குப் போயிடுச்சி. ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கினு இத நெனச்சி நெனச்சி, ஒரு நாளு சிரிப்பு வந்துடுச்சி. பக்கத்துக் கட்டிலு ஆளு பயந்துட்டாரு.

நீதான் கொன்னேன்னு எழுதியிருக்க. டாக்டரம்மா கிட்ட உன் கடிதாசிய லட்சுமணன விட்டுப் படிக்கச் சொன்னேன். கேட்டுட்டு, "கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடியே எத்தினி வருசமா இருந்துதோ, ரத்தக்கொழா எல்லாம் கெட்டுப் போச்சி. நெஞ்சு நின்னதுக்கு பதினாறு ஜிலேபி மேல நான் பழி எழுத மாட்டேன். நல்லதும் இல்ல, அதையும் சொல்லிடுங்க"ன்னாங்க. என்னப் பாத்து, "இவரு பன்னெண்டு தபா புடுங்கினதுக்கும் பெருமை எழுத மாட்டேன்"ன்னாங்க. இதுல யாரு செஞ்சது சரின்னு உங்கம்மாவத்தான் கேக்கணும். கேட்டா ரெண்டு பேரையும் சேத்து வைவா.

கணக்கு இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. பன்னெண்டுல எட்டு நான் படைச்சாச்சி. அதுல பாதி அவ ஏற்கெனவே தின்னது. போவட்டும், ரெண்டு தபா தின்னதா இருக்கட்டும். மிச்சம் நாலு. அதிரசம், எள்ளுருண்டை, நீ குடுத்துட்ட. கரும்பு, இந்தப் போன பொங்கலுக்குப் புடுங்கினது. எல்லம்மா கிட்டப் போயி கேட்டேன். "உண்மையச் சொல்லு, என் பொண்டாட்டி உன் ஊட்ல கரும்பு தின்னாளா?" எல்லம்மா மொதல்ல இல்லன்னா. அப்பறம் வாயப் பொத்திக்கினு, "ஒரு கழி முழுசா, அண்ணாத்தே. சக்கைய எங்க ஊட்டு எருமைக்குப் போட்டுட்டுப் போவும்"ன்னா. சிரிச்சா, ஒடனே அழுதா. அன்னிக்குத்தான் தீட்டுகூடப் பாக்காம எங்க ஊட்ல வந்து கொஞ்ச நேரம் ஒக்காந்தா. உங்கம்மாவப் பத்திப் பேசிக்கினு இருந்தோம். வெளக்கு வெக்கிற நேரம் போனா.

அப்ப மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அது உனக்குத் தெரியாது. எல்லம்மாவுக்கும் தெரியாது. அது யாரும் குடுக்கல.

பிப்ரவரி ஒம்பது, தை அமாவாசை, காலைல ஆறரை மணி. உங்கம்மா தல சுத்துதுன்னு படுத்திருந்தா. நான் காபி போட்டு எடுத்தாந்தேன். "இன்னிக்கு ஒரு நாளு சக்கரை போட்டுக் குடேன்யா"ன்னா. "நாளும் கெழமையுமா ஆரம்பிச்சிட்டியா"ன்னேன். அவ எழுந்து ஒக்காந்து, அந்த வெறுங்காபிய முழுசாக் குடிச்சிட்டு, டம்ளரக் கீழ வெச்சிட்டு, "நல்லாகீது"ன்னா. ரெண்டு நாளு கழிச்சி போயிட்டா.

சனவரி இருவத்தொம்பது தை அமாவாசை. அதுக்கு ரெண்டு நாள்ல வருசத் திதி. நீ இதுவரைக்கும் வரேன்னு சொல்லல, நானும் வான்னு கூப்புடல. இப்பக் கூப்புடுறேன். வா. பயப்படாத, ஊடு சின்னதுதான். கொசுவலை தொவைச்சிட்டேன்.

வந்து நீ அந்தக் காபிய போட்டு வை. படைச்சிட்டு நீயே குடி, எனக்கு வேணாம். என் மாத்திரைய லட்சுமணன் எதிர்ல நின்னு போட வெக்கிறான்.

பால் அளவு தெரியும், தூள் அளவு தெரியும். எந்த வேகன்ல எத்தினி மூட்டைன்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். அவளுக்கு எத்தினி ஸ்பூன் சக்கரைன்னுதான் எனக்குத் தெரியல கஸ்தூரி. நான் ஒரு நாளும் கேட்டதில்ல. உனக்குத் தெரியுமில்ல?

நைனா
(கட்டைவிரல் கீழே)